மருத்துவ மாதிரிகளின் பயணம்: ஆய்வுகூடத்தை அடையும் முன்னரே தீர்மானிக்கப்படும் முடிவுகள்

கிழக்கு மாகாணத்திலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட இரவு பஸ் ஒன்றில் சில காலத்துக்கு முன்னர் நாம் பயணிக்க நேர்ந்தது. அருகில் அமர்ந்திருந்த நடுத்தர வயதினரான ஒருவர் தமது மடியிலிருந்த பொலித்தீன் பையைக் கீழே வைக்கவேயில்லை. அவரது மனைவியின் மார்பிலிருந்து சத்திரசிகிச்சை மூலம் எடுக்கப்பட்ட சிறு திசுத்துண்டு அதற்குள் ஒரு போத்தலில் இருந்தது. அதனைக் கொழும்பிலுள்ள ஆய்வுகூடமொன்றில் ஒப்படைத்துவிட்டு வருமாறு அவரிடம் கூறப்பட்டிருந்தது. தேநீருக்காக பஸ் நிறுத்தப்பட்டபோது அவர் எம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றேதான். "இதுக்கு ஐஸ் வைக்க வேணுமா, வைக்கக் கூடாதா?" அவருக்கு அதனை எவரும் கூறியிருக்கவில்லை. அன்று எமக்கும் தெரிந்திருக்கவில்லை.

நோயைக் கண்டறிவதில் வைத்தியரின் திறமையையும் ஆய்வுகூட உபகரணங்களின் நவீனத்தையும் பற்றி நாம் அதிகம் பேசுகின்றோம். நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட குருதியோ, சிறுநீரோ, சளியோ, திசுவோ ஆய்வுகூட மேசையை அடையும் வரையிலான பயணத்தைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. ஆய்வுகூடப் பரிசோதனைகளில் நிகழும் பிழைகளில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை, மாதிரி இயந்திரத்தினுள் செல்வதற்கு முந்திய கட்டத்திலேயே ஏற்படுகின்றன என்பதைப் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இப்பயணத்தைப் பொறுப்பேற்கும் சேவையே மருத்துவ மாதிரிக் கூரியர் சேவை எனப்படுகின்றது. சாதாரண பொதிகளைக் கொண்டுசெல்லும் சேவையிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகின்றது என்பதையும், எமது மாகாணங்களுக்கு இது ஏன் அவசியமாகின்றது என்பதையும் இங்கு நோக்குவோம்.

எடுத்த பின்னரும் மாறிக்கொண்டிருக்கும் பொருள்

உடலிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட குருதி அக்கணமே செயலற்றுப் போய்விடுவதில்லை. அதிலுள்ள குழியங்கள் தொடர்ந்தும் குளுக்கோசைப் பயன்படுத்திக் கொண்டேயிருக்கும். பாதுகாப்புப் பதார்த்தம் இடப்படாத குருதியைப் பிரித்தெடுக்காமல் அறை வெப்பநிலையில் வைத்திருந்தால், அதிலுள்ள குளுக்கோசின் அளவு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்து செல்லும். காலையில் எடுக்கப்பட்ட குருதி மாலையில் பரிசோதிக்கப்படுமாயின் நீரிழிவு நோயாளி ஒருவர் நலமுடன் இருப்பதாகவே பெறுபேறு கூறிவிடலாம். இதனைத் தடுப்பதற்காகவே குளுக்கோசுப் பரிசோதனைக்கு புளோரைட்டு இடப்பட்ட, சாம்பல் நிற மூடி கொண்ட குழாய் பயன்படுத்தப்படுகின்றது.

பொற்றாசியத்தின் நிலை இதற்கு எதிர்மாறானது. அது செங்குழியங்களுக்குள் மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும். நேரம் செல்லச் செல்ல, குறிப்பாகப் பிரித்தெடுக்கப்படாத குருதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், அது குழியங்களிலிருந்து வெளியே கசிகின்றது. கரடுமுரடான வீதியில் முச்சக்கரவண்டியில் குலுங்கிச் செல்லும் குழாயில் செங்குழியங்கள் உடைந்தாலும் இதுவே நிகழும். நோயாளியின் உடலில் பொற்றாசியம் சரியான அளவில் இருக்க, அறிக்கையோ ஆபத்தான அளவில் உயர்ந்திருப்பதாகக் காட்டும். அதனை நம்பிச் சிகிச்சை அளித்தால் விளையும் தீங்கை விளக்கத் தேவையில்லை. ஆகவேதான் தூர இடங்களுக்கு அனுப்பப்படும் குருதியை மையநீக்கியில் இட்டுச் சுழற்றி, சீரத்தை வேறாக்கிய பின்னர் அனுப்புவது விதியாகவுள்ளது.

சிறுநீர் அறை வெப்பநிலையில் இருக்குமாயின் 2 மணித்தியாலங்களுக்குள் வளர்ப்புப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். உகந்த சூழலில் சில பக்றீரியாக்கள் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இருமடங்காகப் பெருகுகின்றன. தோலிலிருந்து தற்செயலாகக் கலந்த சில கிருமிகள் அரைநாளில் பெருந்தொகையாகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். அதன் விளைவாக நோயாளி தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உட்கொள்ள நேரிடுகின்றது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தால் அதே சிறுநீர் 24 மணித்தியாலங்கள் வரை பயன்படக்கூடியது.

ஐஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தாது

மேற்கூறியதைக் கொண்டு எல்லா மாதிரிகளையும் ஐஸில் வைத்தால் போதும் என எவரேனும் எண்ணினால் அது பெருந்தவறாகிவிடும். குருதியிலுள்ள கிருமிகளை வளர்த்துக் கண்டறிவதற்கான போத்தல்களைக் குளிரூட்டக் கூடாது. மூளைக்காய்ச்சல் ஏற்பட்டுள்ளதா என அறிய முதுகுத்தண்டிலிருந்து எடுக்கப்படும் மூளைய முண்ணாண் பாய்பொருளும் அவ்வாறானதே. அந்நோயை உண்டாக்கும் பக்றீரியாக்களுட் சில குளிரைத் தாங்காது இறந்துவிடும். கிருமி இறந்தால் ஆய்வுகூடம் கிருமி இல்லை என்று அறிக்கையிடும். குழந்தையின் உடலிலோ கிருமி பெருகிக்கொண்டிருக்கும். அதே பாய்பொருளில் வைரசைத் தேடுவதாயின் அதற்கென வேறாக்கப்பட்ட பகுதி குளிரில் வைக்கப்பட வேண்டும்.

குருதியிலுள்ள அமோனியாவை அளவிட வேண்டுமாயின் குழாய் உடனடியாக ஐஸில் வைக்கப்பட வேண்டும். நாடிக் குருதியின் வாயுக்களை அளவிடும் பரிசோதனை ஏறத்தாழ 30 நிமிடங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்பதால் அதனை வேறு நகருக்கு அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுக்கப்படும் வைரசு மாதிரிகள் அதற்கென உள்ள ஊடகத்தில் இடப்பட்டு 2 முதல் 8 பாகையில் 72 மணித்தியாலங்கள் வரை வைக்கப்படலாம். அதற்கு மேல் தாமதமாகுமெனின் மறை 70 பாகையில் உறையவைக்க வேண்டும். மாற்றேற்றத்துக்கான குருதிச் சிறுதட்டுகள் 20 முதல் 24 பாகையில் இடைவிடாது அசைக்கப்பட்டுக் கொண்டிருக்க வேண்டும். அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர் அக்குருதியை வழங்கிய கொடையாளியின் கொடையை வீணாக்குகின்றார்.

இவை அனைத்தையும் ஒருவர் மனனம் செய்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதிரியும் எந்தக் குழாயில், எந்த வெப்பநிலையில், எத்தனை மணித்தியாலங்களுக்குள் சென்றடைய வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மாதிரியைக் கொண்டுசெல்பவர் அதனை வாசித்து விளங்கியிருக்க வேண்டும். பயிற்றப்பட்ட கூரியருக்கும் சாதாரண பொதி விநியோகத்தருக்கும் இடையிலான முதல் வேறுபாடு இதுவே.

மூன்று அடுக்குப் பொதி

இரண்டாவது வேறுபாடு பொதியிடலில் உள்ளது. மாதிரியைப் பாதுகாப்பதைப் போலவே, அதனைச் சுமப்பவரையும் உடன் பயணிப்போரையும் அதிலிருந்து பாதுகாப்பதும் இங்கு கடமையாகும். நோயாளிகளின் சாதாரண மாதிரிகள் சர்வதேச விதிகளில் பீ வகை உயிரியல் பொருள் எனப் பிரிக்கப்பட்டு, யூ.என். 3373 என்ற இலக்கம் இடப்பட்ட சாய்சதுர அடையாளத்துடன் அனுப்பப்படுகின்றன. எபோலா போன்ற உயிராபத்து மிக்க கிருமிகளைக் கொண்டவை ஏ வகையில் அடங்குகின்றன. அவற்றுக்கு இதனிலும் கடுமையான விதிகள் உண்டு.

பீ வகைக்கு மூன்று அடுக்குகள் வேண்டும். முதலாவது, மாதிரி இடப்பட்ட கசியாத குழாய் அல்லது போத்தல். அதனைச் சுற்றி, உடைந்தால் முழுத் திரவத்தையும் உறிஞ்சக்கூடிய பஞ்சு அல்லது தாள் இருக்க வேண்டும். இரண்டாவது, கசியாத மற்றொரு கொள்கலன். மூன்றாவது, உறுதியான வெளிப்பெட்டி. முழுப் பொதியும் 1.2 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உள்ளிருப்பது வெளியேறக் கூடாது. திரவ மாதிரிகளை அனுப்புகையில் முதல் இரண்டு கொள்கலன்களுள் ஒன்றேனும் 95 கிலோபஸ்கால் அமுக்க வேறுபாட்டைத் தாங்க வேண்டும். விண்ணப்பப் படிவம் குழாயுடன் சுற்றப்படாமல் இரண்டாவது கொள்கலனுக்கு வெளியே வைக்கப்பட வேண்டும். உறைந்த மாதிரிகளுக்கு உலர்பனி பயன்படுத்தப்படுகின்றது. மறை 78.5 பாகையிலுள்ள இத்திண்மக் காபனீரொட்சைட்டு வாயுவாக மாறிக்கொண்டேயிருக்கும். ஆதலால் அப்பெட்டியைக் காற்றுப்புகாது மூடினால் அது வெடிக்கக்கூடும்.

இவ்விதிகளைப் படிக்கும்போது மூன்று அடுக்குகளுக்குப் பதிலாக ஒரு பொலித்தீன் பையுடன் எமது பஸ்களில் பயணிக்கும் போத்தல்கள் நினைவுக்கு வருகின்றன. குழாயின் மேல் எழுதப்பட்ட பெயர் ஐஸ் உருகிய நீரில் கரைந்துபோவதும் இவற்றுள் ஒன்று. எமது சமூகங்களில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்டோர் பலர். ஒரே விடுதியில் இரண்டு பாத்திமாக்களும் இரண்டு சிவகுமார்களும் இருப்பது அபூர்வமன்று. பெயருடன் வைத்தியசாலை இலக்கமோ பிறந்த திகதியோ சேர்த்து, நீரில் அழியாத மையால் எழுதப்படாத குழாய் சரியான வெப்பநிலையில் சென்றடைந்தும் பயனில்லை.

இலங்கையின் அனுபவம்

இத்துறையில் எமது நாட்டுக்கு முன்னனுபவம் இல்லையென்று கூறிவிட முடியாது. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் 1900 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாதிரிகள் அங்கு சென்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் விசர்நாய்க்கடி நோய்ப் பரிசோதனைக்காக அனுப்பப்படும் நாயின் தலை குறிப்பிடத்தக்கது. கடித்த நாய் இறந்துவிட்டால் அதன் தலையைக் கசியாத பொதியில், சுற்றிலும் ஐஸ் இட்டு, விரைவாக அனுப்ப வேண்டும். போமலினில் இடக் கூடாது. மூளை அழுகிவிட்டால் பரிசோதனை இயலாது. கடியுண்டவர் உறுதியான விடையின்றியே சிகிச்சையைத் தொடர வேண்டியிருக்கும். பெறுபேறு வரும் வரை தடுப்பூசியைப் பிற்போடக் கூடாது என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

போலியோ ஒழிப்பு இதற்கு மற்றுமோர் உதாரணமாகும். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் இனங்காணப்பட்டார். அதன் பின்னரும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்குத் திடீரென உறுப்புகள் தளர்ந்து செயலிழந்தால், 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட்டு, குளிர்நிலை குலையாமல் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்படுகின்றன. தடுப்பூசி கொழும்பிலிருந்து கிராமத்துக்குச் செல்லும் குளிர்ச்சங்கிலி இங்கு எதிர்த்திசையில் இயங்குகின்றது. இந்நோய் இல்லையென்று நாடு உறுதியாகக் கூறமுடிவதற்கு இப்பயணமும் ஒரு காரணமாகும்.

கலாநிதி ஹட்சன் சில்வா 1961 இல் ஆரம்பித்த கண்தான சங்கம் 1964 இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாக விழிவெண்படலங்களை அனுப்பியபோது, அவை பனிக்கட்டி இட்ட தேர்மஸ் ஒன்றிலேயே சென்றன. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இலங்கையரின் கண்கள் அதன் பின்னர் சென்றுள்ளன. விலையுயர்ந்த உபகரணம் இல்லாத காலத்திலும் நேரத்தைக் கணக்கிட்டு, எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறுகின்றது என்பதை உறுதிசெய்துகொண்ட ஏற்பாடே அதனைச் சாத்தியமாக்கியது.

வடக்கு, கிழக்கு மக்களின் அனுபவத்தில் வேறு பக்கங்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குள்ள தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது அத்தூரம் கிலோமீற்றர்களால் அளவிட முடியாததாயிற்று. நோயாளிக்கே கப்பலும் விமானமும் அரிதாகிய காலத்தில் அவரது குருதிக்குழாயின் பயணம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 2020 இல் கொவிட்-19 பரவத் தொடங்கியவேளை, ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட ஆய்வுகூடத்தில் பீ.சீ.ஆர். பரிசோதனை ஆரம்பமாகும் வரை மாதிரிகள் மாகாணத்துக்கு வெளியே அனுப்பப்பட வேண்டியிருந்தது. ஆய்வுகூடம் அருகில் வந்ததும் காத்திருப்பு குறைந்தது.

அக்காலத்தில் மரணித்தவர்களின் மாதிரிகளும் பரிசோதிக்கப்பட்டன. பெறுபேறு கிடைக்கும் வரை உடல்கள் பிணவறையில் காத்திருந்தன. மரணித்தவரைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் எத்தகைய வேதனையை அளித்தது என்பதை நாம் அறிவோம். 2020 ஏப்ரலில் கொண்டுவரப்பட்டு 2021 பெப்ரவரியில் நீக்கப்பட்ட கட்டாயத் தகன விதியின் அநீதி தனியாகப் பேசப்பட வேண்டியது. எனினும், ஜனாஸாவுக்காகக் காத்திருந்த குடும்பத்துக்கு ஒரு மாதிரியின் தாமதம் வெறும் நிர்வாகத் தாமதமாக இருக்கவில்லை என்பதை இங்கு பதிவு செய்தல் தகும்.

மாதிரியின் நேரமும் நோயாளியின் நேரமும்

மாதிரி பழுதடையாதிருக்கும் நேரமும் நோயாளி காத்திருக்கக்கூடிய நேரமும் ஒன்றல்ல. டெங்குக் காய்ச்சல் இதனைத் தெளிவாகக் காட்டும். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். குருதிச் சிறுதட்டுகளை எண்ணுவதற்கான குருதி அறை வெப்பநிலையில் பல மணித்தியாலங்கள் தாங்கும். ஆனால், ஆபத்தான கட்டத்தை அடையும் நோயாளியின் நிலை அதற்குள் மாறிவிடும். காலையில் எடுத்த குருதியின் அறிக்கை இரவில் கிடைக்குமாயின் அது சரியான அறிக்கையாக இருக்கலாம். உதவாத அறிக்கையாகவும் இருக்கலாம்.

சில வேளைகளில் அறிவியல் மாதிரியின் நேரத்தை நீட்டித் தந்துள்ளது. அமெரிக்க வைத்தியர் ரொபர்ட் கத்ரி 1960களில் அறிமுகப்படுத்திய முறையில், பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கப்படும் சில துளி குருதி வடிதாளில் உலர்த்தப்பட்டுத் தபால் உறையில் அனுப்பப்படுகின்றது. ஐஸும் தேவையில்லை, உடைவதற்குக் குழாயும் இல்லை. பிறவித் தைரொயிட் குறைபாட்டைக் கண்டறிய இலங்கையிலும் இம்முறை பயன்படுத்தப்படுகின்றது. எனினும் இங்கும் குழந்தையின் நேரம் நீளவில்லை. முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் அப்பிள்ளை ஏனைய பிள்ளைகளைப் போல வளரும். மாதங்கள் தவறினால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படும். ஆகவே வடிதாள் ஓர் அலுவலக மேசையில் உறங்கினால் அதற்கான விலையை ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் செலுத்தும்.

பிற நாடுகள் கற்பிப்பவை

வறிய நாடான உகண்டா 2010களின் தொடக்கத்தில் இதற்கென ஓர் ஒழுங்கை உருவாக்கியது. ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு வைத்தியசாலை மையமாகத் தெரிவுசெய்யப்பட்டது. பயிற்றப்பட்ட மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர், குறித்த நாட்களில், குறித்த பாதையில், அம்மையத்தைச் சூழவுள்ள 20 முதல் 40 வரையான சிறு சுகாதார நிலையங்களுக்குச் சென்று மாதிரிகளைச் சேகரித்தார். முந்திய பெறுபேறுகளைக் கையளித்தார். மையத்திலிருந்து தலைநகர ஆய்வுகூடத்துக்கு மாதிரிகள் ஒன்றாக அனுப்பப்பட்டன. எச்.ஐ.வி. தொற்றுடைய தாய்மாரின் குழந்தைகளைப் பரிசோதிப்பதற்காகத் தொடங்கிய இவ்வொழுங்கு பின்னர் ஏனைய நோய்களுக்கும் பயன்பட்டது. அங்கு வாங்கப்பட்டது மோட்டார் சைக்கிள்தான். ஆனால் பயன் தந்தது நேர அட்டவணையே.

ருவாண்டா 2016 முதல் ஆளில்லா விமானங்கள் மூலம் தொலைதூர வைத்தியசாலைகளுக்குக் குருதியை அனுப்புகின்றது. சுவிற்சர்லாந்தில் 2017 இல் வைத்தியசாலைகளுக்கிடையே மாதிரிகளைக் கொண்டுசெல்ல அத்தகைய விமானங்கள் பரீட்சிக்கப்பட்டன. 2019 இல் நிகழ்ந்த விபத்துகளையடுத்து அச்சேவை இடைநிறுத்தப்பட்டது. வசதி மிக்க நாடுகளிலும் புதிய தொழில்நுட்பம் பழைய கவனத்துக்கு மாற்றீடாகாது என்பதையே இது காட்டுகின்றது.

நாம் கேட்க வேண்டியவை

எமது நகரங்களில் தனியார் ஆய்வுகூடங்களின் சேகரிப்பு நிலையங்கள் பெருகியுள்ளன. பணம் செலுத்தக்கூடியவரின் குருதியை எடுத்துச்செல்ல அங்கு ஆள் வருகின்றார். அரசாங்க வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஏழை நோயாளியின் மாதிரியோ பல சந்தர்ப்பங்களில் அவரது கணவனின் அல்லது மகனின் மடியில் பயணிக்கின்றது. ஒரு நாட் கூலியை இழந்து, இரவு முழுவதும் விழித்திருந்து, தாம் விளங்காத ஒரு பொறுப்பை அவர் சுமக்கின்றார். மாதிரி பழுதடைந்தால் குற்றமும் அவரையே சேர்கின்றது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. போதனா வைத்தியசாலையையோ மாவட்ட வைத்தியசாலையையோ மையமாகக் கொண்டு, பிரதேச வைத்தியசாலைகளைத் தொடும் சேகரிப்புப் பாதைகளை மாகாண சுகாதாரத் திணைக்களங்கள் வகுக்கலாம். நெடுந்தீவு போன்று படகையே நம்பியுள்ள இடங்களுக்குப் படகு நேரத்துடன் பொருந்தும் ஒழுங்கு வேண்டும். கொண்டுசெல்பவருக்குச் சில நாட் பயிற்சியும், வெப்பமானி பொருத்திய குளிர்ப்பெட்டியும், ஒப்படைத்த நேரத்தையும் பெற்ற நேரத்தையும் கையொப்பத்துடன் பதியும் ஒரு கொப்பியும் போதுமானவை. அவ்வாறான ஒழுங்கு அமையும் வரை, உறவினரிடம் மாதிரியைக் கையளிக்கும் எந்த நிறுவனமும் வெப்பநிலை, கால எல்லை, கையாளும் முறை ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியையேனும் உடன் வழங்குதல் வேண்டும்.

வாசகர்களும் சில கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்கலாம். சேகரிப்பு நிலையத்தில் குருதி கொடுக்கும் முன், மாதிரிகள் எத்தனை மணிக்கு எடுத்துச்செல்லப்படுகின்றன எனக் கேட்க வேண்டும். கடைசி வண்டி சென்ற பின்னர் எடுக்கப்படும் குருதி அடுத்த நாள் வரை அங்கேயே இருக்கக்கூடும். குழாயில் எழுதப்பட்டுள்ள பெயரையும் இலக்கத்தையும் தாமே வாசித்துப் பார்க்க வேண்டும். எதிர்பாராத பெறுபேறு வந்தால் அஞ்சுவதற்கு முன்னர், மாதிரி எப்போது எடுக்கப்பட்டு எப்போது பரிசோதிக்கப்பட்டது என வைத்தியரிடம் விசாரித்து, தேவையாயின் மீண்டும் பரிசோதிக்கலாம்.

அன்று பஸ்ஸில் எம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்கான விடையை நாம் பின்னர் அறிந்துகொண்டோம். திசுத்துண்டுக்கு ஐஸ் தேவையில்லை. உறைந்தால் அதன் அமைப்பே சிதைந்துவிடும். அது எடுக்கப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள், அதன் கனவளவைப் போன்று ஏறத்தாழ பத்து மடங்கு 10 சதவீதப் போமலினில் இடப்பட்டிருக்க வேண்டும். மார்புப் புற்றுநோய்க்கு எந்த மருந்து பயனளிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஓமோன் ஏற்பிப் பரிசோதனைக்கு, திசு 6 மணித்தியாலங்களுக்குக் குறையாமலும் 72 மணித்தியாலங்களுக்கு மேற்படாமலும் போமலினில் இருத்தல் நன்று. அப்போத்தலில் போமலின் போதியளவு இருந்ததா என்பது எமக்குத் தெரியாது. அவரிடம் அவ்விடையைக் கூற வேண்டியவர்கள், போத்தலை அவரது கையில் கொடுத்த வேளையிலேயே கூறியிருக்க வேண்டும்.